கால்மிதிக்கு அடியில் ஈரம்

கார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டுவதற்காக, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கால்மிதியை எடுத்தேன். மேல்புறம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. அடியிலிருந்த ரப்பர் முட்கள் நனைந்து விரலில் ஒட்டின. கீழே கார்பெட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஊறி மேலே வந்தது. பிழியாமல் விட்ட துணியை மிதித்தது போன்ற ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் வண்டி அதற்கு முன்பே சொல்லத் தொடங்கியிருந்தது. நான்தான் கேட்கவில்லை. நாலைந்து வாரமாகவே காலையில் வண்டியை எடுக்கும்போது முன் கண்ணாடி மங்கலாக இருக்கும். வைப்பரைப் போட்டால் போகாது. உள்பக்கம் துணியால் துடைத்தால்தான் போகும். வெளியே படியும் பனி வெளிக்காற்றின் ஈரம். உள்ளே படிவது உள்ளே இருக்கும் ஈரம். கதவெல்லாம் சாத்திய வண்டிக்குள் ராத்திரி முழுக்க ஏதோ ஒன்று ஆவியாகி, விடியற்காலையில் கண்ணாடி குளிர்ந்ததும் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? அப்படி யோசிக்காமல் தினமும் துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். புது வண்டி வாசனை என்று நினைத்திருந்ததில், கார்பெட்டுக்கு அடியில் நனைந்த பஞ்சின் வாசனையும் கலந்தேதான் வந்திருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் வரவேற்பில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி பாட்டில் கவுந்திருக்கும் மேடம், புது வண்டியில லீக்கெல்லாம் வராது" என்றார். ஒரு பாட்டில் கவிழ்ந்தால் எவ்வளவு கொட்டும்? ஒரு லிட்டர். கால்மிதியின் மேல்புறம் நனையாமல் அந்த ஒரு லிட்டர் எப்படி அடியில் போனது? கேட்டேன். வண்டியை உள்ளே கொண்டுபோய், தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடத்தில் ஐந்து நிமிடம் முன் கண்ணாடி மேல் அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து மறுபடி போனேன். இந்த முறை யாரோ முன் கண்ணாடியின் ஓரத்தில் நீளமாக சிலிக்கான் பூசி அனுப்பினார். அடுத்த மழையில் மறுபடி ஈரம்.

அந்த சிலிக்கான் பட்டையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. ஓட்டை எங்கே என்று தெரியாமலே அடைத்திருக்கிறார்கள். கண்ணாடி ஓரத்தில் மழைநீர் வழிந்து இறங்குவதற்கென்றே ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். அதன் மேல் பூசினால் தண்ணீர் வேறு பக்கம் திரும்பும். நாளைக்கு நிஜமாகவே அங்கே ஒழுகினால் எது பழைய ஓட்டை, எது பூச்சு உண்டாக்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கானாக இருந்தால் இன்னும் மோசம். அது காயும்போது வெளிவிடுவது அசிட்டிக் அமிலம். இரும்பில் பட்டால் துருவை இழுத்துவிடும். பூசியது எந்த வகை என்று கேட்டேன். பூசியவர் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

எந்தத் தண்ணீர்?

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எங்கே நனைகிறது என்பதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போது நனைகிறது என்று யாரும் பார்க்கவில்லை. தேதி, மழை உண்டா, வண்டி ஓடியதா, ஏசி போட்டேனா, வண்டி எங்கே நின்றது, கார்பெட் எப்படி இருந்தது. இவ்வளவுதான். தினமும் இரண்டு வரி.

காருக்குள் ஈரம் சேர்க்கக்கூடிய தண்ணீர் மூன்று வகை. முதலாவது ஏசி தண்ணீர். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குளிர்கலத்தில் காற்றின் ஈரம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் விழும். வெயில் காலத்தில் நிறுத்திய வண்டிக்குக் கீழே நாம் பார்க்கும் ஈரத்திட்டு அதுதான். அந்தக் குழாயில் இலையோ மண்ணோ அடைத்தால் அதே தண்ணீர் உள்ளே திரும்பி, பக்கத்து இருக்கையின் காலடியில் இறங்கும். இரண்டாவது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். உள்ளே ஹீட்டருக்குப் போகும் பாதையில் கசிந்தால் வரும். தொட்டால் வழவழப்பு இருக்கும், லேசாக இனிப்பு வாசனை அடிக்கும், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படியும். மூன்றாவது மழை.

என் விரலில் பட்டது வாசனையில்லாத, வழவழப்பில்லாத வெறும் தண்ணீர். அதனால் கூலன்ட் இல்லை. ஒன்பது நாள் மழையில்லாமல் வெயில் கொளுத்தியபோது தினமும் ஏசி போட்டு ஓட்டினேன். ஈரம் கூடவில்லை, கொஞ்சம் காயக்கூடச் செய்தது. வண்டிக்கு அடியில் ஏசி தண்ணீர் ஒழுங்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. பத்தாவது நாள் ராத்திரி மழை. காலையில் கார்பெட் குளம். ஆக மழைதான். ஆனால் அதோடு இன்னொன்றும் நோட்டில் இருந்தது. அந்த வாரமே அலுவலகத்தில் வண்டி நின்றபோது மதியம் கொட்டித் தீர்த்திருக்கிறது. அன்றைக்கு "ஈரம் கூடவில்லை" என்று எழுதியிருக்கிறேன். இதை எழுதியதும் நான்தான், இரண்டு வாரம் கண்டுகொள்ளாமல் விட்டதும் நான்தான்.

மழையைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 4 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம் உள்ள ஒரு சின்ன வண்டியின் மேல் 50 மில்லிமீட்டர் பெய்தால் 340 லிட்டர் விழுகிறது. அவ்வளவும் கூரையிலும் கண்ணாடியிலும் பள்ளங்களிலும் வழிந்து, உள்ளே ஒரு சொட்டுகூட வராமல் தரைக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் நூறில் ஒரு பங்கு வழி தவறினால்கூட மூன்று லிட்டருக்கு மேல். கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடிமனான பஞ்சு அதைச் சத்தமில்லாமல் குடித்துவிடும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும்.

அப்பாவும் ஹோஸ் பைப்பும்

அடுத்த ஞாயிறு அப்பாவை உதவிக்குக் கூப்பிட்டேன். அவர் வெளியே ஹோஸ் பைப்போடு, நான் உள்ளே டார்ச்சோடு. சுற்றி நின்று ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று வண்டியைச் சமதளமான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். டிஷ்யூ பேப்பரை விரலகலப் பட்டைகளாகக் கிழித்து, சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் ஒட்டினேன். டேஷ்போர்டுக்குக் கீழே இன்ஜின் பக்கத்துத் தடுப்பில் வயர்கள் நுழையும் ரப்பர் வளையத்தில், கண்ணாடியின் இரண்டு மூலைகளில், கதவின் ரப்பர் பீடிங் ஓரமாக. டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு பட்டாலும் நிறம் மாறிவிடும்.

இந்தச் சோதனையில் ஒரு முறை உண்டு. கீழிருந்து மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரை மேல் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும், எந்த வழியாக உள்ளே வந்தது என்று சொல்ல முடியாது. கீழே ஒரு இடத்தை நனைத்து, காத்திருந்து, உள்ளே காய்ந்திருந்தால் அந்த இடத்தைக் கழித்துவிட்டு ஒரு சாண் மேலே போகலாம். வேகமாகப் பீய்ச்சவும் கூடாது. மழை அப்படி அடிக்காது. அந்த அழுத்தத்துக்கு நல்ல ரப்பர்கூட விலகிக் கொடுத்துவிடும்.

அப்பா பொறுமையானவர். "இன்னும் மேல போகவாம்மா?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். போனட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் ஊற்றினார். பல வண்டிகளில் இலை அடைத்து ஒழுகுவது அங்கேதான். எங்கள் வண்டியில் இலையே இல்லை, தண்ணீர் இரண்டு பக்கமும் அழகாக இறங்கி ஓடியது. கண்ணாடி ஓரம், கூரைப் பள்ளம், ஆன்டெனா அடி, முன் கதவு பீடிங், பின் கதவு பீடிங். பின் இருக்கையின் காலடியில் முன்னால் இருப்பதைவிட அதிக ஈரம் இருந்ததால் பின் கதவில் மட்டும் அரைமணி நேரம் நின்றோம். இரண்டரை மணி நேரம் போயிற்று. ஒரு பட்டைகூட நனையவில்லை. சர்வீஸ் சென்டர்காரர் சொன்னது சரியோ என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. நம் கண்ணால் பார்த்ததை நாமே நம்பாமல் போகும் அந்தக் கணம் ரொம்பக் கஷ்டமானது.

பைப்பைச் சுருட்டிக்கொண்டே அப்பா கேட்டார்: "நீ எப்பவும் வண்டிய எங்கம்மா நிறுத்துவ?"

எங்கள் வாசலில் ஒரு சாய்தளம் இருக்கிறது. வண்டியை அதில் ஏற்றித்தான் நிறுத்துவேன். முன்பக்கம் மேலே, பின்பக்கம் கீழே. அலுவலகத்தில் நிற்பது சமதளம். நோட்டை எடுத்துவந்து புரட்டினேன். ஈரம் கூடிய ஐந்து நாளும் ராத்திரி மழை, வீட்டு வாசல். ஈரம் கூடாத மழை நாள் மூன்றும் அலுவலகம். நாங்கள் வண்டியை வசதிக்காகச் சமதளத்தில் வைத்துச் சோதித்த அன்றைக்கே, ஒழுகுவதற்குத் தேவையான ஒன்றை எடுத்துவிட்டோம்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அன்று முழுக்க நாங்கள் தண்ணீர் ஊற்றியது ரப்பர் மேல், இணைப்புகள் மேல். கதவின் கண்ணாடி மேல் யாருமே ஊற்றவில்லை. கண்ணாடியில் ஓட்டையா இருக்கப்போகிறது?

மறுநாள் சாயங்காலம் வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றினேன். முன் இருக்கையை முடிந்தவரை முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் உட்கார்ந்து, இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே இருந்த சந்தில் டார்ச்சை இறக்கிப் பிடித்தேன். அப்பா பைப்பின் வாயை விரலால் மூடி, முன் கதவின் கண்ணாடி மேல் மழைபோல வழியவிட்டார். ஐந்து நிமிடம். ஒன்றுமில்லை. "நிறுத்தவாம்மா?" "வேண்டாம்ப்பா, அங்கேயே நில்லுங்க." கழுத்து வலித்தது. எட்டு நிமிடம். பதினோராவது நிமிடத்தில், கதவின் உள்பக்கத்து பிளாஸ்டிக் பலகையின் கீழ் விளிம்பில், பின் மூலையில், ஒரு பளபளப்பு தெரிந்தது. முதலில் டார்ச் வெளிச்சம் என்று நினைத்தேன். அது மெல்ல வீங்கியது. ஒரு கடுகளவு, பிறகு ஒரு மிளகளவு. விளிம்போடு ஒரு அங்குலம் நகர்ந்து, தயங்கி நின்று, விழுந்தது. ரப்பர் பீடிங்குக்கு உள்பக்கமாக, காலடிப் படியின் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் போய் மறைந்தது. அடுத்த சொட்டு வர பத்து விநாடிகூட ஆகவில்லை.

"அப்பா, இங்க வாங்க" என்றேன். அவர் பைப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் அந்தச் சந்தில் தலையை விட்டுக்கொண்டு, பேசாமல், சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

கதவுக்குள் மழை பெய்யும்

கார் கதவு நீர் புகாத பெட்டி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி யாரும் அதைச் செய்வதே இல்லை. கண்ணாடி ஏறி இறங்க வேண்டும் என்பதால் அது நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் பட்டை தொட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கும். பெரிய மழையில் கண்ணாடியோடு வழியும் தண்ணீரில் ஒரு பகுதி கதவுக்குள் போகத்தான் செய்யும். போகட்டும் என்றுதான் கதவின் அடியில் துளைகள் வைத்திருக்கிறார்கள். கதவின் உள்ளிருக்கும் இரும்புக்கும், நாம் கை வைக்கும் பிளாஸ்டிக் பலகைக்கும் (மெக்கானிக்குகள் அதை டோர் பேட் என்பார்கள்) நடுவே ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். கறுப்பாக, சூயிங்கம் மாதிரி இழுபடும் பியூட்டைல் பசையால் சுற்றிலும் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் நாம். நடுவில் அந்தத் தாள் மட்டும்.

இது தெரிந்ததும் மற்றதெல்லாம் தானாகவே இடத்தில் போய் உட்கார்ந்தது. வண்டி சமமாக நின்றால் கதவுக்குள் வரும் தண்ணீர் நேராக இறங்கித் துளைகளில் போய்விடுகிறது. முன்பக்கம் மேலே தூக்கி நின்றால் எல்லாம் பின் மூலைக்குச் சாய்கிறது. அங்கே தாளில் ஏதோ கோளாறு. உள்ளே விழுந்த சொட்டு கார்பெட்டுக்கு அடியில் ராத்திரி முழுக்கப் பின்னால் ஓடுகிறது. அதனால் பின் இருக்கையின் காலடி அதிகம் நனைகிறது. காலையில் வண்டியை எடுத்துப் பிரேக் போடப் போட அதில் ஒரு பங்கு முன்னால் வருகிறது; அதனால் முன் கால்மிதிக்கு அடியிலும் ஈரம். நாங்கள் சந்தேகப்பட்ட இரண்டு இடத்திலும் ஓட்டை இல்லை. ஓட்டை இருந்த இடத்தில் கார்பெட் கிட்டத்தட்ட காய்ந்தே இருந்தது.

அப்பா சாய்தளத்தின் மட்டத்தையும், தண்ணீர் ஊற்றும் இடத்தையும், சொட்டு விழும் இடத்தையும் வெட்டில்லாமல் ஒரே வீடியோவாகப் போனில் எடுத்தார். மறுநாள் அதை சர்வீஸ் சென்டரில் காட்டினேன். இந்த முறை ஒரு மூத்த மெக்கானிக் வந்தார். முழுவதும் பார்த்தார், ஒருமுறை திருப்பிப் போடச் சொன்னார். பிறகு, "நாங்க கதவப் பாக்கவே இல்லம்மா. முன் கண்ணாடிலயே நின்னுட்டோம்" என்றார். இரண்டு மாதமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான் போல. அதற்குப் பிறகு எனக்குக் கோபம் இல்லை.

என் கண்ணெதிரே டோர் பேடைக் கழற்றினார். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஸ்க்ரூக்களை எடுத்து, ஓரத்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, கண்ணாடி சுவிட்சின் வயரைப் பிடுங்கி, பலகையைத் தூக்கி வைத்தார். தாள் இருந்தது. கிழியவில்லை. கீழே பின் மூலையில் மட்டும், ஒட்டும்போது ஒரு மடிப்பு விழுந்திருந்தது. என் சுண்டுவிரல் நுழையும் அளவு. மடிப்புக்குள் பசை தாளைத் தொடவே இல்லை. பசையின் மேல் தூசி படிந்து, தண்ணீர் ஓடிய தடம் மெல்லிய பழுப்புக் கோடாகத் தெரிந்தது. ஆலையில் மழைபோல நீர் பொழியவிட்டு வண்டிகளைச் சோதிப்பார்கள். ஆனால் அங்கே யாரும் அதைச் சாய்தளத்தில் ராத்திரி முழுக்க நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

சரிசெய்ய முக்கால் மணி நேரம்தான் ஆனது. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, ஈரம் போகும் வரை சூடான காற்று காட்டி, புது பியூட்டைல் டேப் ஒட்டி, தாளை இழுத்து மடிப்பு எடுத்து, ஒரு சின்ன உருளையால் மூன்று முறை அழுத்தினார். மூன்றாவது முறை போதுமா என்று என்னைப் பார்த்தார். கண்ணாடி ஓரத்து சிலிக்கானையும் எடுத்துவிடச் சொன்னேன். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

காய வைப்பது தனி வேலை. ஓட்டையை அடைத்ததும் பிரச்சினை முடிந்தது என்று வண்டியை எடுத்து வந்துவிடக்கூடாது; அடியிலிருக்கும் பஞ்சு தானாகக் காயாது. நனைந்த துணியிலும் பஞ்சிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும் என்பார்கள். எங்கள் பஞ்சு வாரக்கணக்கில் ஊறியிருந்தது. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, ஏர்பேகின் மஞ்சள் கனெக்டரைப் பிரித்து, இருக்கையை எடுத்த பிறகுதான் கார்பெட்டைத் தூக்க முடிந்தது. மெக்கானிக் இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம் என்பேன். பஞ்சை அழுத்தியபோது ஒரு வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் சேர்ந்தது. அதன் பின்னால் வயரிங் கட்டு ஒன்று தரையோடு படுத்திருந்தது. ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்தார். நல்லவேளை, இல்லை. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் கதை வேறு. மின்விசிறி வைத்து நான்கு நாள் காயவிட்டார்கள்.

இருக்கையைத் தரையோடு பிணைக்கும் நான்கு போல்ட்டில் ஒன்றைச் சுற்றி மட்டும் மோதிரம் மாதிரி துரு பிடித்திருந்தது. தேய்த்துப் பெயின்ட் அடித்தார். ஆனாலும் எங்கே என்று எனக்குத் தெரியும்.

வண்டி திரும்பி வந்த அன்றே அப்பா பைப்பை எடுத்து வைத்துவிட்டார். அதே சாய்தளம், அதே கதவு, அதே டிஷ்யூ பட்டைகள். முன்பு பதினோரு நிமிடத்தில் வந்த சொட்டுக்காக இந்த முறை அரை மணி நேரம் காத்திருந்தோம். கதவின் அடித்துளைகள் வழியாகத் தண்ணீர் இரண்டு கோடுகளாக வெளியே ஒழுகி, சாய்தளத்தில் இறங்கி ஓடியது. உள்ளே பட்டைகள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. "நிறுத்தவாம்மா?" என்றார் அப்பா. இன்னும் ஐந்து நிமிடம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் விரலைப் பைப்பின் வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.